பட்டணத்தில் ஓர் இடம்: வட ஆற்காட்டு மாணவரும் சென்னை விடுதிகளும்

பழைய வட ஆற்காட்டு மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் நெல்லும், மழையை நம்பிய கொல்லைகளில் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளையும் வட்டாரம். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் சுமார் 170 கி.மீ. காலையில் போய்க் கல்லூரி முடித்து இரவுக்குள் வீடு திரும்பும் தூரம் அல்ல. ஆகவே இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையில் படிப்பது என்றால் சென்னையில் தங்குவது என்றே பொருள். கல்லூரியில் இடம் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. படுக்க ஓர் இடமும் பசிக்குச் சோறும் அமைந்தால்தான் படிப்பு நிலைக்கும். அந்த இடமும் சோறும் யார் யாருக்கு, எப்போது, எப்படிக் கிடைத்தன என்பதுதான் சென்னையில் வெளியூர் மாணவர் வாழ்க்கையின் வரலாறு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1856 ஜூலை 1 அன்று, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. வாலாஜா, ராணிப்பேட்டைப் பக்கத்தாருக்குப் பட்டணம் ஒரே நாளில் எட்டும் இடமாயிற்று. திருவண்ணாமலைப் பக்கத்துக்கு அந்த வசதி வர மேலும் ஒரு தலைமுறை ஆனது. விழுப்புரத்தையும் காட்பாடியையும் இணைத்த மீட்டர் கேஜ் பாதை திருவண்ணாமலை வழியாக 1890களின் தொடக்கத்தில்தான் அமைந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர் மாட்டுவண்டியில் திருவண்ணாமலை சென்று, விழுப்புரத்தில் வண்டி மாறி, எழும்பூரில் இறங்கலாம். அல்லது செஞ்சி வழியாகத் திண்டிவனம் சென்று அங்கே ரயிலேறலாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் நிறைவேறாமலே இருப்பதால், இந்த ஊர்களின் மாணவர் கதை பெரும்பாலும் சாலையை நம்பியே நடந்திருக்கிறது.

அக்காலத்துப் படிப்புச் செலவுக்குத் திருவண்ணாமலையின் வரலாற்றிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் பள்ளி மாணவனாக இருந்த வேங்கடராமன், தன் அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போகும்படி சொல்லப்பட்டார். அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு அண்ணாமலைக்குப் புறப்பட்டார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. வீட்டிலிருந்த பழைய தேசப்படத்தில் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை காட்டப்படவில்லை. திண்டிவனமே அருகில் உள்ள நிலையம் என்று கணக்கிட்டு அதுவரைதான் அவர் சீட்டு வாங்கினார். மதுரையிலிருந்து திண்டிவனம் வரையிலான அந்தப் பயணம் மூன்று ரூபாய்க்குள் முடிந்தது. அதாவது ஒரு முறை கட்டும் கல்லூரிக் கட்டணம், மாகாணத்தின் பாதியைக் கடக்கும் ரயில் கட்டணத்தைவிட அதிகம். மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பம் ஒன்று கட்டணத்தோடு பட்டணத்துச் சாப்பாட்டுச் செலவையும் ஏற்பது எத்தனை அரிது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

விடுதிகள் பெருகுவதற்கு முன் வெளியூர் மாணவருக்கு இருந்த முதல் புகலிடம் சொந்தக்காரர் வீடு. கும்பகோணத்திலிருந்து 1906இல் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்த சீனிவாச ராமானுஜன், பிராட்வே பகுதியில் ஒரு சந்தில் இருந்த தன் பாட்டி வீட்டில் தங்கினார். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் ஊர் திரும்பியவர், பின்னர் வேலை தேடி மீண்டும் சென்னை வந்தபோது திருவல்லிக்கேணியில் மாணவ நண்பர்களின் அறைகளில் ஒண்டிக்கொண்டார். 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. வேலை கிடைப்பதற்கு முன் அவருக்குத் தங்க இடம் தந்தவை உறவினர் வீடும் நண்பர்களின் அறையும். அந்த அறைகள் இல்லாதிருந்தால் அவர் சென்னையில் நிலைத்திருப்பது கடினமாகியிருக்கும்.

ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாடு என்ற ஏற்பாடும் இருந்தது. ஞாயிறு ஒரு வீடு, திங்கள் ஒரு வீடு என்று ஏழு வீடுகள் முறைவைத்து ஒரு மாணவனுக்குச் சோறு போடும். கோயில் தெருக்களில் இருந்த சத்திரங்களும் உதவின. ஆனால் இந்தக் கொடையெல்லாம் சாதியின் எல்லைக்குள்ளேயே சுழன்றது. கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த ஏழு வீடுகளில் ஒன்றும் திறக்காது. பட்டணத்தில் உறவும் இல்லாதவருக்குப் படிப்பின் வாசலே அடைபட்டிருந்தது.

கல்லூரிகளை ஒட்டிய விடுதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளர்ந்தன. மாநிலக் கல்லூரி மாணவர்களுக்குச் சேப்பாக்கத்தில் விக்டோரியா விடுதி எழுந்தது. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் அந்தத் தெருவே இன்றும் விக்டோரியா விடுதிச் சாலைதான். கிறித்தவக் கல்லூரியை நெடுங்காலம் நடத்திய வில்லியம் மில்லர், ஒன்றாகத் தங்கிப் பழகுவதும் கல்வியில் சேர்ந்தது என்ற நோக்கோடு விடுதிகளை வளர்த்தார். திருத்தணியிலிருந்து வேலூர் ஊரீசுக் கல்லூரி வழியாக வந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்தது அந்தக் கல்லூரியில்தான். 1905இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் முயற்சியால் மயிலாப்பூரில் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம், பணமில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக இடமும் சோறும் தந்தது.

இருந்தும், இடம் பிடிப்பதில் சாதி குறுக்கே நின்றது. பிராமணர் அல்லாத மாணவர்களுக்குப் பல உணவகங்களிலும் விடுதிகளிலும் இடம் மறுக்கப்பட்டது, அல்லது தனிப் பந்தி போடப்பட்டது. இந்தக் குறையை நேரில் கண்ட மருத்துவர் சி. நடேச முதலியார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில்தான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது நீதிக்கட்சி, உருவானது. தமிழகத்தின் ஒரு பெரிய அரசியல் மரபு பிறந்த இடங்களில் மாணவர் விடுதியும் ஒன்று என்பதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அது இன்னும் விரிவாக எழுதப்படவேண்டிய செய்தி. வெளியூரிலிருந்து வந்த பையன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவான் என்ற கேள்விதான் அங்கே அரசியலாக மாறியது. சில ஆண்டுகளில் சேரன்மாதேவியில் அதே கேள்வி இன்னும் உரக்க எழுந்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் நிறுவிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துக் கிளம்பிய பூசல் காங்கிரசையே உலுக்கியது. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு முன்னோடியாக நின்ற நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. இதற்கிடையே ஒவ்வொரு சாதிச் சங்கமும் தன் பிள்ளைகளுக்கென்று பட்டணத்தில் விடுதி கட்ட முனைந்தது. அதனால் பல ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். அதோடு சாதி வேலியும் விடுதிக்குள் வந்தது.

ஆதிதிராவிட மாணவரின் நிலை இன்னும் கடுமையானது. அவர்களுக்கு விடுதி மட்டுமல்ல, கல்லூரியே மூடியிருந்தது. பச்சையப்பன் கல்லூரி அவர்களுக்குக் கதவைத் திறந்தது 1927இல்தான். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் வரும் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளியும் மாணவர் விடுதியும் நடத்தினார். தங்க இடம் தராமல் பள்ளி மட்டும் திறந்தால் சேரிப் பிள்ளை படிக்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சென்னையில் இந்தக் கோரிக்கையைச் சட்டமன்றத்திலும் வெளியிலும் ஓயாமல் எழுப்பியவர் எம்.சி. ராஜா. 1943இல் மறைந்த அவர் பெயரைத் தாங்கிய சைதாப்பேட்டை எம்.சி. ராஜா கல்லூரி மாணவர் விடுதி, வடமாவட்டங்களிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த பல்லாயிரம் தலித் மாணவர்களுக்குச் சென்னையின் முதல் முகவரியாக இருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் காலனிகளைப் போன்ற இடங்களிலிருந்து முதல் பட்டதாரி ஆனவர்கள் அந்த விடுதியில் இடம் கிடைத்ததால்தான் படித்தார்கள் என்பதை நினைத்தால், வேறு எந்த மாளிகையைவிடவும் அந்தக் கட்டடம் சென்னையின் பெருமைக்குரியது.

பெண்களின் கதை தனி. புதுக்கோட்டையிலிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் பெற்றார். அந்நாளில் வெளியூர்ப் பெண் ஒருத்தி பட்டணத்தில் தங்கிப் படிப்பது அபூர்வம். 1914இல் கடற்கரைச் சாலையில் தொடங்கிய பெண்கள் கல்லூரி பின்னர் ராணி மேரி கல்லூரி ஆயிற்று. டோரதி டி லா ஹே முதல்வராக இருந்து விடுதியோடு சேர்த்தே அதை வளர்த்தார். 1915இல் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி வந்தது. 1911இல் பட்டம் பெற்ற சகோதரி ஆர்.எஸ். சுப்பலட்சுமி, ஐஸ் ஹவுசில் இளம் விதவைகள் தங்கிப் படிக்க விடுதி நடத்தினார். மாகாணத்தின் பல ஊர்களிலிருந்து வந்த அந்தப் பெண்களில் பலர் ஆசிரியைகளாகத் திரும்பினார்கள். பெண்கள் விடுதிக்குக் காவல் கடுமை. மாலை விளக்கு வைப்பதற்குள் வாசல் மூடும். பார்க்க வருவோர் யார் யார் என்று பெற்றோர் கையெழுத்திட்டுப் பட்டியல் தரவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் சிற்றூர்ப் பெற்றோர் மகளை அனுப்பினார்கள். ராணி மேரி கல்லூரி வளாகத்தைத் தலைமைச் செயலகத்துக்காக எடுக்க 2003இல் அரசு முனைந்தபோது, மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே இருந்து போராடிக் கல்லூரியைக் காத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கடற்கரையோரம் கிடைத்திருந்த இடம் அது. அதை விட்டுக்கொடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

1930களில் நகரம் தெற்கே நீண்டது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் கல்லூரிகள் நெரிசலை விட்டு வெளியேறின. கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் போயிற்று. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வடிவமைத்த அந்த வளாகத்தில் சேலையூர், செயின்ட் தாமஸ், ஹீபர் என்று விடுதிகள் எழுந்தன. விடுதியை அங்கே 'ஹால்' என்றே சொல்வார்கள். அதில் தங்காத டேஸ்காலரும் ஏதாவது ஒரு ஹாலோடு இணைந்திருக்க வேண்டும். பச்சையப்பன் கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்கு வந்தது. அது எஸ்பிளனேடில் இருந்த காலத்திலேயே காஞ்சிபுரத்திலிருந்து வந்து பி.ஏ. ஆனர்ஸ் படித்தவர் சி.என். அண்ணாதுரை.

விடுதி வாழ்க்கையின் நடுநாயகம் மெஸ். அதன் கணக்குமுறையைப் பழைய மாணவர் எவரும் மறப்பதில்லை. 'டிவைடிங் சிஸ்டம்' என்பது அதன் பெயர். மாதம் முழுவதும் ஆன அரிசி, மளிகை, காய்கறி, பால், விறகுச் செலவையெல்லாம் கூட்டுவார்கள். அந்த மாதத்தில் யார் யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்பதையும் கூட்டி, செலவை அந்த நாட்களின் தொகையால் வகுத்தால் ஒரு நாள் சாப்பாட்டின் விலை வரும். அவரவர் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் மெஸ் பில். மாணவர்களே முறைவைத்துப் பொறுப்பேற்று, கொத்தவால் சாவடிச் சந்தைக்கு விடியற்காலையில் போய்க் காய்கறி வாங்கி வருவார்கள். சமையற்காரரின் கையளவையும், ஸ்டோர் ரூம் சாவியையும், ஞாயிற்றுக்கிழமை கறியின் எடையையும் கண்காணிப்பது அவர்கள் வேலை. கூட்டுக் குடும்பத்தின் வரவுசெலவைப் பார்த்து வளர்ந்த விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்களாக இருந்தது இயல்பு. ஒன்றாகச் செலவழித்துச் சமமாகப் பங்கிடும் இந்த ஏற்பாடு, பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற பழைய வழக்கைப் பேச்சில்லாமலே தீர்த்துவைத்தது. கணக்கில் எல்லாரும் ஒரு தலை.

பில் கட்டுவதுதான் பாடு. அறிவிப்புப் பலகையில் பாக்கிதாரர் பெயர் ஒட்டப்படும்; தேதி தாண்டினால் மெஸ்ஸில் தட்டு நிற்கும். வீட்டிலிருந்து மணியார்டர் வருவது விளைச்சலைப் பொறுத்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை மூட்டை மார்க்கெட் கமிட்டிக்குப் போய் விலை படிந்து பணம் கைக்கு வந்த பிறகுதான் தபால் நிலையத்துக்குப் போகமுடியும். மழை பொய்த்த ஆண்டில் கூட்டுறவுச் சங்கக் கடனோ அம்மாவின் தோடோ அந்த மாத பில்லைக் கட்டும். ஊருக்குப் போகும் நாட்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் 'மெஸ் கட்' கிடைக்கும் என்பதால், பொங்கலுக்கும் கார்த்திகை தீபத்துக்கும் போகிறவர்கள் கூட இரண்டு நாள் சேர்த்து எழுதிக்கொடுப்பதும் உண்டு. தீபத்துக்குத் திரும்பும் மாணவனுக்கு அந்த நாட்களில் திருவண்ணாமலைப் பேருந்தில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம்.

இத்தனை இடர்களுக்கு நடுவே அந்த நகரம் எப்படி இவ்வளவு பிரியமானதாக மாறியது? முதற்காரணம், காசில்லாமல் கிடைத்தவை. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்கலாம். சேப்பாக்கத்து விடுதிகளிலிருந்து நடந்தால் கடற்கரை. மாலையில் அங்கே திலகர் கட்டத்தில் பொதுக்கூட்டம். நாட்டின் பெரிய தலைவர்களை ஊர்ப்பிள்ளைகள் முதன்முதலாக நேரில் பார்த்ததும் கேட்டதும் அந்த மணலில்தான். பாடப்புத்தகம் வாங்க மூர் மார்க்கெட். சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் 1900 வாக்கில் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில், போன ஆண்டு மாணவன் விற்ற புத்தகத்தை இந்த ஆண்டு மாணவன் பேரம் பேசி வாங்குவான். தேர்வு முடிந்ததும் அதே கடையில் திருப்பி விற்பான். ஓரங்களில் முன்னவர் எழுதிய குறிப்புகளுக்கே தனி மதிப்பு உண்டு. 1985 மே 30 அன்று அது தீயில் எரிந்தபோது, பல தலைமுறை மாணவர்களின் கைபட்ட புத்தகங்களும் போயின. அந்த இழப்புக்கு ஈடே இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஊரில் ஒருவனைத் தெருவை வைத்தும் அப்பன் பெயரை வைத்தும் அடையாளம் காண்பார்கள். பட்டணத்துச் சாலையில் அந்தக் கேள்வி குறைவு. வாடகைக்கு வீடு கேட்டால் சாதி விசாரிக்கும் வழக்கம் சென்னையிலும் இருந்தது, இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் விடுதியிலும் டிராமிலும் நூலகத்திலும் கிடைத்த அந்தப் பெயரற்ற சமத்துவம், ஊரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டியிருந்தவருக்கு விடுதலையாகவே இருந்தது. அந்த நகரத்தின் மீதான பாசத்தை வெறும் இளமை நினைவு என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

வட ஆற்காட்டு மாணவர் சென்னைக்கு வரும் இந்தப் பயணத்தை நாவலாக்கியவர் மு. வரதராசன். 1912இல் பிறந்து வேலம் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். 1939 முதல் 1961 வரை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவருடைய 'அகல் விளக்கு', வாலாஜாவில் ஒன்றாகப் படித்து நண்பர்களான சந்திரன், வேலய்யன் ஆகிய இருவரையும் சென்னைக் கல்லூரி விடுதிவரை பின்தொடர்கிறது. அறிவில் சிறந்த சந்திரன் பட்டணத்தில் நிலைதடுமாறி அழிகிறான். நிதானமான வேலய்யன் நிலைக்கிறான். 1961இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நூலின் அறிவுரைத் தொனி இன்றைய வாசகருக்குச் சற்றுக் கனமாகத் தோன்றலாம். ஆயினும் ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு வழிகாட்டப் பெரியவர் எவரும் அருகில் இல்லாத தனிமையை இருபதாண்டுக்கு மேல் வகுப்பறையில் கண்ட ஆசிரியர் ஒருவர் கவலையோடு எழுதியது அது. அந்தக் கவலை உண்மையானது.

1965இல் சென்னையின் மாணவர் விடுதிகள் மாநில அரசியலையே புரட்டின. இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து ஜனவரி இறுதியில் சென்னை மாணவர்கள் கோட்டையை நோக்கி ஊர்வலம் சென்றார்கள். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அரசு கல்லூரிகளை மூடியது. மாணவர்கள் பெட்டியோடு ஊர் திரும்பினார்கள். கிளர்ச்சியை அடக்க எடுத்த அந்த முடிவு எதிர்விளைவைத் தந்தது. பட்டணத்தில் குவிந்திருந்த கோபம் பேருந்தேறி ஒவ்வொரு வட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1967 தேர்தலில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்ததும், தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் அதன் தொடர்ச்சி.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கும், படிப்பு முடிந்து வேலை தேடுகிறவர்களுக்கும் கைகொடுத்தவை திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். பெல்ஸ் சாலை, எல்லிஸ் சாலை, பெரிய தெரு இவற்றைச் சுற்றி எழுந்த மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் இவை. நடுவே முற்றம், சுற்றிலும் வராந்தா, வரிசையாக அறைகள், கோடியில் பொதுக் குளியலறை. அறைக்கு இரண்டு கட்டில்; வாடகைப் பதிவேட்டில் இரண்டு பெயர், தரையில் பாய் விரித்து இன்னும் இரண்டு பேர். ஊரிலிருந்து தேர்வு எழுதவோ ஆஸ்பத்திரிக்கோ வருகிற எவரும் முதலில் தேடி வருவது அந்த அறையைத்தான். பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் நடந்துபோகும் தூரம் என்பதால் மாணவர்களுக்கு இந்த இடம் வாகாக அமைந்தது. சாப்பாட்டுக்குத் தெருவுக்குத் தெரு மெஸ். அக்பர் சாகிப் தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிடுவது பல பத்தாண்டுகளாகத் தொடரும் பழக்கம். பணம் வந்த அன்று 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி. மாதக் கடைசியில் டீயும் பன்னும்.

இந்தப் பயணத்தின் தன்மை மெல்ல மாறியது. 1966இல் திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி வந்ததும், அடுத்த ஆண்டு செய்யாற்றில் ஒன்று வந்ததும், பி.ஏ., பி.எஸ்சி. படிக்கப் பட்டணம் போகவேண்டிய கட்டாயம் தளர்ந்தது. கீழ்பென்னாத்தூர் மாணவர் காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பலாம் என்றானது. பெண்பிள்ளைகள் படிக்கத் தொடங்கியதில் இந்தப் பேருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1989 வட ஆற்காட்டு மக்களுக்கு இருவகையில் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பொறியியலும் மருத்துவமும் படிக்கச் சென்னைக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். 1997 முதல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்தது. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, வேட்டி கட்டிய அப்பாவோடு கிண்டி வளாகத்தில் காத்திருந்ததே பல பிள்ளைகளுக்குச் சென்னையின் முதல் காட்சி. பொது நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்ததும் கிராமப்புற மாணவர் வரவு கூடியது. 2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியபின் அந்தக் காத்திருப்பு இல்லை.

இறங்கும் இடமும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் பாரிமுனை பிராட்வே நிலையம். 2002 இறுதியில் கோயம்பேடு. 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் இப்போது. செஞ்சி வழியாக வருகிற மாணவர் தாம்பரத்துக்கும் முன்னாலேயே இறங்கி நகரப் பேருந்து மாறவேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது விடுதிகளும் மேன்ஷன்களும் சில நாட்களில் காலியாயின. அண்ணா பல்கலைக்கழக விடுதிகள் நோயாளிகளைத் தங்கவைக்க எடுத்துக்கொள்ளப்பட்டன. ஊர் திரும்பிய மாணவர்கள் கைப்பேசியில் வகுப்பைத் தேடினார்கள். சிக்னல் கிடைக்காத ஜவ்வாது மலை ஊர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு பெரும்பாலும் வீணானது. விடுதி என்பது படுக்கை மட்டுமல்ல, படிப்பதற்கான நேரமும் அமைதியும் சேர்ந்தது என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது.

இன்று இந்த வட்டாரத்திலிருந்து சென்னைக்குத் தங்க வருவோரில் ஒரு பெரும் பிரிவு போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். பட்டத்தை ஊருக்கு அருகிலேயே முடித்துவிட்டு, டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்காக வருகிறார்கள். 2010 செப்டம்பரில் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி அவர்களால் நிறைகிறது. கன்னிமாராவில் தாத்தா செய்ததையே பேரன் அங்கே செய்கிறான். தங்குவதற்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனோடு வேளச்சேரி, அண்ணா நகர்ப் பகுதிகளின் தனியார் பி.ஜி.க்களும் சேர்ந்துகொண்டன.

அரசு விடுதிகளுக்கு விதிகள் உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர, வீடு கல்வி நிலையத்திலிருந்து 8 கி.மீ.க்கு மேல் இருக்கவேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர விதி இல்லை. பெற்றோர் வருமானத்துக்கும் வரம்பு உண்டு. கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து. உயர்வு வரவேற்கத்தக்கது, ஆனால் சென்னைத் தெருவோர மெஸ்ஸில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அது போதாது என்பதால், வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக ஒதுக்கவேண்டும். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா விடுதிக்கு 2025 ஏப்ரலில் பத்து மாடிப் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அரசு நலத்துறை விடுதிகள் அனைத்தும் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. உள்ளூர்க் கல்லூரிக்குப் போகிறவருக்கு அது செலவில் ஒரு நல்ல பங்கைத் தாங்கும். சென்னையில் தனியார் அறையில் தங்கும் மாணவருக்கு வாடகையின் ஒரு சிறு பகுதிக்குத்தான் வரும். மீதியை மல்லாட்டை அறுவடையும் நூறு நாள் வேலைக் கூலியும் ஈடுகட்டவேண்டியிருக்கிறது. அதனால் இன்றும் கல்லூரிச் சேர்க்கை ஆணை கைக்கு வந்த மறுநாளே கீழ்பென்னாத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பங்கள் போகின்றன. விடுதி இடத்துக்கு முதலில் கேட்கப்படுவது அவைதான்.